முதுகு காட்டி விழுங்கிய மாத்திரைகள்

முப்பது பேருடைய மூத்திரத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு நீங்கள் எப்போதாவது பஸ் ஏறியிருக்கிறீர்களா?

நான் ஏறியிருக்கிறேன். போடியிலிருந்து தேனிக்கு, காலை முதல் பஸ். கரி கேஸில் ஓடுகிற வண்டி. பின்னால் அடுப்பு, உள்ளே புகை, ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். ரயிலில் போயிருக்கலாம், ஆனால் தண்டவாளத்தை அந்த வருஷம்தான் யுத்தத்துக்கு என்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கூடையில் வைக்கோல், வைக்கோலுக்குள் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பர் எழுதிய சீட்டு. இருமல் மருந்து பாட்டில், தைல பாட்டில் என்று கையில் சிக்கியதெல்லாம் சேர்த்து, சாம்பல் போட்டு இரண்டு நாள் கழுவியிருந்தேன். தக்கை கிடைக்காதவற்றைத் துணி சுருட்டி அடைத்திருந்தேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "கூடையில என்ன தாயி?"

"மருந்து."

"யாருக்கு?"

"பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கு."

அவர் உடனே நிமிர்ந்து டிரைவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அண்ணே, பெரிய எடத்து மருந்து போகுது. பள்ளம் பாத்து விடுங்க."

அன்றைக்கு அந்த பஸ் போனதுபோல மெதுவாக எந்த பஸ்ஸும் போயிருக்காது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் மண்ணைக் கவ்வ வைக்கப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கான சாமான்தான் கூடையில் இருந்தது. நல்ல எண்ணத்தோடு போனேன், உண்மையை நிலைநாட்டப் போனேன் என்றெல்லாம் எழுதலாம். எழுத மாட்டேன். பழிவாங்கப் போனேன்.

சென்னையில் குண்டு விழும் என்று ஊரைக் காலி செய்த வருஷம் அது. எங்கள் கல்லூரியையும் மூடினார்கள். பாதி ரசாயனப் பட்டத்தோடு போடிக்கு வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு பஜாரில் ஏலக்காய்க் கடை. அண்ணன் வாரம் தவறாமல் மலையேறி, தோட்டம் தோட்டமாகப் போய்க் காய் பிடித்து வருவான். எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு மலையில்தான் சோலி. திங்கள் விடியும்போது ஏறினால் சனி சாயங்காலம் இறங்குவார்கள். சிலர் குளிர்க்காய்ச்சலோடு இறங்குவார்கள். சிலரைக் கட்டிலில் வைத்து இறக்குவார்கள். கொய்னாவுக்குப் பட்டை வந்துகொண்டிருந்த ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததும், குளிர்க்காய்ச்சலுக்குக் கேட்கிற அந்தக் கொய்னா மாத்திரை கடையிலிருந்து காணாமல் போயிற்று. கிடைத்த கொஞ்சமும் பட்டாளத்துக்குப் போயிற்று.

அப்போதுதான் பேராசிரியர் வந்தார். பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆராய்ச்சி செய்கிறவர். சிங்கோனாப் பட்டையில் கொய்னா எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையிலும் மருந்துச் சத்து உண்டு, அதை வைத்தே மலிவான மாத்திரை செய்யலாம் என்று அவருடைய ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அது நல்ல வேலை. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். அந்த மாத்திரை காய்ச்சலைத் தடுக்கிறதா என்று பார்க்க எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்தார். பஜாரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்தார். கூட ஒரு கம்பவுண்டர், வடுகபட்டிக்காரர். பெண்களிடம் வேலை வாங்க ஒரு பெண் வேண்டும் என்பதால் நான்.

முதல் நாள் அவர் என்னைக் கேட்ட கேள்வி இது: "மிஸ், உமக்குப் பென்சில் சீவத் தெரியுமல்லவா?"

ரசாயனம் படிக்கிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். தெரியும் சார் என்றேன். அதை அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இரண்டு வரிசை. ஆளுக்கு இரண்டு மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். விழுங்கினால் ரிஜிஸ்தரில் ஒரு சரி அடையாளம் போட வேண்டும். விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போட வேண்டும். அச்சடித்த விதி அது. ஆண்கள் வரிசையில் கம்பவுண்டர். அங்கே சிக்கல் இல்லை. வாயைப் பிளந்து போட்டு, முகத்தை அஷ்டகோணலாக்கி, மீசையைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

பெண்கள் வரிசையில் நான். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெளி ஆண்கள் நிற்கிற இடத்தில் வாயைத் திறந்து எதையும் தின்ன மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள். கல்யாண வீடானாலும் சரி, கோயிலானாலும் சரி. மாத்திரையை வாங்குவார்கள், சுவரைப் பார்த்துத் திரும்புவார்கள், முந்தானையை முகத்துக்கு நேரே இழுப்பார்கள், தம்ளரைச் சாய்ப்பார்கள். "ஆச்சு பிள்ள" என்பார்கள். நான் பார்த்ததெல்லாம் ரவிக்கை முடிச்சும் கொண்டையும்தான். தொண்டைக்குள் என்ன போயிற்று என்று கொண்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

முதல் வாரமே அவரிடம் போய்ச் சொன்னேன். "சார், அவங்க திரும்பி நின்னு வாயில போடுறாங்க. விழுங்கினதை நான் பார்க்கலை. எப்படிக் குறி போடுறது?"

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒவ்வொரு ஸ்திரீயின் தொண்டையிலும் விளக்குப் பிடிக்கச் சொல்கிறீரா? குறியைப் போடும் மிஸ். தண்ணீர் குடித்தால் மாத்திரை உள்ளேதான் போகும்."

கம்பவுண்டர் பக்கத்தில்தான் கண்ணாடித் தகடு துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது.

போட்டேன். பன்னிரண்டு வாரமும் போட்டேன். என் எழுத்து அழகாக வேறு இருக்கும்.

மழை பிடித்ததும் கணக்குத் தெரிய ஆரம்பித்தது. ஆண்களுக்குக் காய்ச்சல் நன்றாகக் குறைந்திருந்தது. பெண்களை எப்போதும்போல அடித்துப் போட்டது. மலைக்கே போகாத பெண்கள். வீட்டிலேயே இருக்கிறவர்களைக் கடிக்க ஆற்றோரக் கொசுவே போதும் என்பது வேறு விஷயம். பேராசிரியர் ரிஜிஸ்தரைப் புரட்டினார், சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே தெரு. ஆணிடம் பலிக்கிறது, பெண்ணிடம் பலிக்கவில்லை. உலகத்தில் யாரும் சொல்லாத விஷயம் தன் கையில் சிக்கிவிட்டது என்று நினைத்தார். அன்றைக்குக் கம்பவுண்டரை அனுப்பி எல்லாருக்கும் ஜிலேபி வாங்கி வரச் சொன்னார். நானும் தின்றேன்.

அந்த மாதம் என் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணன் பெண்டாட்டி. கல்யாணமாகி இரண்டு வருஷம், ஐந்து மாதக் கர்ப்பம். என்னைவிட ஒரு வயது சின்னவள், ஆனாலும் மதினி மதினிதான். மூன்றாவது குளிருக்குக் கட்டில் ஆடியது. நான்காவது நாள் பிள்ளை போய்விட்டது.

பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். விசாரிக்க வந்தார் என்று அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. போர்வைக்கு மேலேயே மதினியின் வயிற்றை அழுத்தி மண்ணீரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று விரலால் அளந்தார். என்னிடம் ரிஜிஸ்தரை வாங்கி அவள் வரியைப் பார்த்தார்.

"பன்னிரண்டு வாரம். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது." மதினியைப் பார்த்துத் தமிழில் தெளிவாகச் சொன்னார். "மருந்து மேல் குற்றமில்லை அம்மா. பெண் சரீரம் இதை ஏற்காது. உம் உடம்புவாகு அப்படி."

மதினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் போன பிறகும் திரும்பவே இல்லை. நான் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"மதினி, பன்னெண்டு வாரமும் முழுங்குனீகளா?"

சுவரிடம் பேசுவதுபோலச் சொன்னாள். "நான் எதுக்கு முழுங்கணும்? நானா மலைக்குப் போறேன்?"

"அப்ப அது எங்கன போச்சு?"

"ஒங்கண்ணன் சட்டைப் பையில."

கன்னத்தில் ஒதுக்கி வைத்து, வீட்டுக்கு வந்து துப்பி, துடைத்து, காய வைத்து, சுண்ணாம்பு டப்பாவில் சேர்த்து, திங்கள் காலை அண்ணன் பையில் போட்டு அனுப்பியிருக்கிறாள். அவன் ஞாயிற்றுக்கிழமை தன் பங்கை விழுங்குவான், வாரத்து நடுவில் மலையில் அவள் பங்கை விழுங்குவான். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

"ஒங்க பிள்ள போச்சே மதினி."

"தெரிஞ்சா செஞ்சேன்?" என்றாள்.

அண்ணன் சனிக்கிழமை இறங்கி வந்தான். சாப்பிட உட்கார்ந்தவனிடம் கேட்டேன். "அது யார் மாத்திரைன்னு ஒனக்குத் தெரியுமா?"

"குடுத்தா. தின்னேன். தெருவுல எல்லாப் பயலும் அப்படித்தான தின்னுட்டு இருக்கான்." கையைச் சோற்றில் வைத்தபடி என்னைப் பார்த்தான். "என்னமோ புதுசாக் கேக்குற. நீதான பக்கத்துல நின்னு குறி போட்ட."

அவனை அறையலாம் என்று இருந்தது. அறைந்தால் முதல் அறை எனக்குத்தான் விழ வேண்டும். அவன் அதற்குப் பிறகு சாப்பிடாமல் எழுந்து கை கழுவினான்.

எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். தெருவில் அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. நாக்கு சாணை பிடித்த மாதிரி இருக்கும். முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமா, எல்லா வீட்டுலயும்தான். மலையில விழுந்தா தூக்கிட்டு வர ஆளு இல்ல. வீட்டுல விழுந்தா பாயாச்சும் இருக்கு. இதுக்குப் போயி படிச்ச பிள்ள கணக்குப் போட்டுக்கிட்டு நிக்கிற."

திங்கட்கிழமை மாடிக்கு ஓடினேன். ஒன்று விடாமல் பேராசிரியரிடம் சொன்னேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் ஆராய்ச்சியைக் காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்றுகூட நினைத்தேன். மாத்திரை நல்ல மாத்திரை என்பதுதானே அதன் அர்த்தம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இந்தக் குறிகள் யாருடைய கை?"

"என் கை சார்."

"பொய்யா?"

"பார்க்காமல் போட்டது சார். உங்களிடம் முதல் வாரமே சொன்னேன்."

"பொய் என்றால் நீர் பொய் எழுதுகிறவர். பொய் எழுதுகிறவர் இப்போது சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? உண்மை என்றால் என் கட்டுரை சரி. இரண்டில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளும்." சிரித்தார். "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தேனியில் கூட்டம். மாத்திரை குறைவாக இருக்கிறது. பலிக்காத உடம்புக்குப் போட்டு வீணாக்க முடியாது. அடுத்த பருவத்துக்கு ஆண்களுக்கு மட்டும் என்று சிபாரிசு செய்திருக்கிறேன். தோட்ட முதலாளிகளும் அதைத்தான் கேட்கிறார்கள். பென்சிலை அங்கே வைத்துவிட்டுப் போம்."

வைக்கவில்லை. படியிறங்கும்போது வழியிலேயே ஒடித்துப் போட்டேன். என் மதினியின் பிள்ளை செத்ததை உதாரணமாக எழுதி, அதை என் கையெழுத்தை வைத்தே மூடுகிறார். இந்த ஆளை விடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன்.

கல்லூரியில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. கொய்னா ஜாதிச் சத்து உடம்புக்குள் போனால் ஒரு நாள், இரண்டு நாள் மூத்திரத்தில் இறங்கும். பாதரச உப்பையும் பொட்டாசியம் அயோடைடையும் சேர்த்துக் கரைத்த நீரை அதில் நாலு சொட்டு விட்டால் பால்போலக் கலங்கும். விழுங்காதவருடையது தெளிந்தே இருக்கும். ரிஜிஸ்தர் பொய் சொல்லலாம், முந்தானை மறைக்கலாம், இது மறைக்காது. இரண்டு உப்பும் கம்பவுண்டர் அலமாரியிலேயே இருந்தன.

"பாப்பா, இது விசம்," என்றார் அவர், பாதரச உப்பைக் காகிதத்தில் மடித்தபடி. "யாருக்குக் குடுக்கப் போற?"

"குடிக்க இல்லண்ணே."

"அவருக்குத் தெரிஞ்சா எஞ்சோலி போச்சு."

"தெரியணும்னுதான் செய்யறேன். நீங்க குடுத்தீகன்னு சொல்ல மாட்டேன்."

வேண்டியதெல்லாம் பாட்டில் நிறைய மூத்திரம். பெண்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். பெண் சரீரத்தை அவமானப்படுத்திவிட்டான், நியாயம் கேட்க வேண்டும் என்று பேசினேன். ஒருத்தியும் அசையவில்லை. அவன் சொல்றது சொல்லிட்டுப் போறான், எங்களுக்கு வேலை இருக்கு என்றார்கள். கடைசியில் எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "இப்ப அவரு சொன்னபடி நடந்தா எங்களுக்கு என்ன போகும்?"

"ஒங்க மாத்திரைய நிறுத்திருவாக. ஆம்பளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு மட்டும்தான்."

முறம் நின்றது. "அப்ப நடுவாரத்துக்கு?"

"நடுவாரத்துக்கு ஒண்ணும் கெடையாது."

அவ்வளவுதான். அரை மணியில் தெருவே கிளம்பிவிட்டது. தங்களை அவமானப்படுத்தினான் என்றபோது உட்கார்ந்திருந்தவர்கள், புருஷன் பையில் போட இல்லை என்றதும் பாட்டிலைக் கொண்டா என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சிய மாத்திரைக்குக் கடைசி விநியோகம். பெண்கள் வரிசைக்கு வேறு ஆள் கிடைக்காததால் நானேதான் நின்றேன். வழக்கம்போல எல்லோரும் முதுகைக் காட்டினார்கள். மதினி மட்டும் வரிசைக்கு வரவில்லை. அவளுக்கு நடக்கத் தெம்பில்லை. அவள் பங்கை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"முழுங்குங்க மதினி. என் கண்ணு முன்னால."

"ஒங்கண்ணன் நாளைக்கு மலைக்குப் போறாகளே."

"போகட்டும். அவன் பங்கு அவனுக்கு இருக்கு."

விழுங்கினாள். "நாக்கைத் தூக்குங்க" என்றேன். கன்னத்துக்குள் விரல் விட்டும் பார்த்தேன்.

"கழுத, மாட்டுச் சந்தையில பல்லுப் பாக்குற மாதிரி பாக்குற," என்றாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "என்னமாக் கசக்குது. இதையா அவுக வாராவாரம் ரெண்டு தடவ தின்னாக?"

திங்கள் விடியும் முன்பே ஆண்கள் மலையேறுவதற்குள் ஆறு பேரிடம் வாங்கினேன். அண்ணன் கேள்வி கேட்காமல் கொடுத்தான். பெண்களிடம் வாங்கும்போது எதிர்வீட்டு வரிசையில் மூன்று பாட்டில்கள் கழுத்து வரை நிறைந்து, ஒரே நிறத்தில், சூடு ஆறாமல் இருந்தன. எனக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, இது யாருது?"

"எங்களோடதுதான்."

"மூணும் ஒரே மாதிரி இருக்கு. கொட்டத்துல எரும நிக்குதா?"

அவள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெள்ளனா எந்திரிக்க நேரமில்ல பிள்ள. எரும மட்டும் பொம்பள இல்லையா?"

கொட்டிவிட்டு மறுபடியும் கொடுக்க வைத்தேன். அந்த மூன்றையும் அப்படியே கொண்டுபோயிருந்தால் என் பழி எருமையோடு முடிந்திருக்கும்.

தேனியில் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். ஜில்லா சுகாதார அதிகாரி நடுவில், தோட்ட முதலாளிகள் ஒரு பக்கம், பஜார் வியாபாரிகள் ஒரு பக்கம். பேராசிரியர் கட்டுரையை வாசித்தார். மதினியின் பெயர் இல்லை, ஆனால் பன்னிரண்டு வாரமும் தவறாமல் மருந்து உட்கொண்டும் காய்ச்சலில் கருச்சிதைவான இருபது வயதுப் பெண் என்று வாசித்தார். வாசித்து முடிந்து கைதட்டல் அடங்கியதும் எழுந்தேன். கூடையை அதிகாரியின் மேஜை மேல் வைத்தேன்.

"சார், இந்தக் கட்டுரையில் வருகிறவர்களுடைய சிறுநீர். ஞாயிறு மாத்திரை கொடுத்து, நேற்று காலை எடுத்தது. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்."

ஹாலில் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. பேராசிரியர் உட்காரும் என்றார். அதிகாரி பாட்டில் சீட்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, செய்யும் என்றார். கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினேன். முதலில் ஆண்கள் ஆறு பேர். நாலு சொட்டு விட்டதும் ஆறும் வெள்ளையாகக் கலங்கின. பிறகு பெண்கள். ஒன்று தெளிவு. இரண்டு தெளிவு. ஐந்து, பத்து, பதினைந்து. எல்லாம் தெளிவு.

"மருந்து விழுங்கப்படவே இல்லை சார்," என்றேன்.

பேராசிரியர் எழுந்தார். அந்த மனிதரை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. "அருமை," என்றார். "நான் வார்த்தையில் சொன்னதை இந்தப் பெண் கண்ணாடியில் காட்டிவிட்டார். ஆண் உடம்பில் மருந்து நிற்கிறது. பெண் உடம்பில் நிற்கவில்லை. நன்றி மிஸ், இதைக் கட்டுரையிலேயே சேர்த்துக்கொள்கிறேன்."

முதலாளிகள் சிரித்தார்கள். என் காது சூடேறியது. கடைசி பாட்டிலை எடுத்தேன்.

"இது உங்கள் உதாரணம் சார். அந்த இருபது வயதுப் பெண். ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் விழுங்கினாள்."

நாலு சொட்டு. பாலாகக் கலங்கியது.

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "புரதம். கருச்சிதைவான பெண்ணின் சிறுநீரில் ஆல்புமின் இருக்கும். அதுவும் இப்படித்தான் கலங்கும். அரைகுறை ரசாயனம் ஆபத்து மிஸ்."

இதைச் சொல்லுவார் என்று நான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். கம்பவுண்டர் கொண்டுவந்திருந்த ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, குழாயைத் தீயில் காட்டினேன். புரதமானால் சூட்டில் முட்டை வேகிறதுபோல இன்னும் இறுகும். மருந்துச் சத்தானால் கரைந்துவிடும். வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து குழாய் தெளிந்தது. அதைத் தண்ணீர்த் தம்ளரில் நிறுத்தினேன். ஆற ஆற மறுபடியும் பாலாகத் திரண்டது. அதிகாரி எழுந்து வந்து குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கும் ரசாயனம் தெரியும்.

"பெண் உடம்பு நன்றாகத்தான் ஏற்கிறது," என்றார்.

பேராசிரியரின் முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். வியர்வை மேலுதட்டில் வந்தது. ஆனால் அவர் திரும்பி என்னைக் காட்டினார். "அப்படியானால் இந்தப் பெண் பன்னிரண்டு வாரம் பொய் எழுதியிருக்கிறார். நான் நம்பினேன். குற்றம் அது ஒன்றுதான்."

"பார்க்காமல் எழுதினேன்," என்றேன். "அவர்தான் எழுதச் சொன்னார்."

"எனக்கு அப்படி நினைவில்லை."

கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் விளக்குத் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. விளக்கைக் கொண்டுவந்ததே அவருக்குப் பெரிய காரியம்.

அதிகாரி அங்கேயே உத்தரவு போட்டார். எங்கள் தெருப் பெண்களுக்கு மாத்திரை நிற்காது. தாழ்வாரத்தில் தட்டி கட்டி, உள்ளே பெண்கள் மட்டும் இருந்து, வாயைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பொய்க் குறி போட்ட உதவியாளரை நீக்க வேண்டும். மூன்றாவதும் நியாயம்தான். ஏற்றுக்கொண்டேன். பஸ்ஸில் காலி பாட்டில்களோடு திரும்பும்போது ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கல்லூரி திறந்து சென்னைக்குத் திரும்பிய அடுத்த வருஷம், நூலகத்தில் ஒரு மருத்துவச் சஞ்சிகையைப் புரட்டினேன். அவருடைய கட்டுரை அச்சாகியிருந்தது. ஒரு வரி மாறவில்லை. என் குறிகள் அட்டவணையாகியிருந்தன. மதினி உதாரணமாகவே இருந்தாள். பெண் சரீரத்தில் இம்மருந்து பலிப்பதில்லை என்ற வாக்கியம் அப்படியே இருந்தது. தேனி ஹாலில் இருந்தவர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்தக் குழாய் தெரியாது.

விடுமுறைக்கு வந்தபோது கம்பவுண்டரைப் பார்த்தேன். அவரை மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு மாற்றியிருந்தார்கள். அங்கேயும் அதே மாத்திரை.

"பொம்பளைகளுக்கு?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. பெரியவுக எழுதுன தாளு இருக்குல்ல. அதக் காட்டித்தான் இல்லைங்கறாக. வருசநாட்டுப் பக்கமும் அப்படித்தானாம். வரிசையில வந்து நின்னு, திரும்பிப் போறாக." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அன்னைக்கு வாயத் தொறந்திருக்கணும்."

எங்கள் ஒரு தெருவுக்கு மட்டும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு ஜெயித்ததாக நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. சஞ்சிகைக்கு மூன்று கடிதம் எழுதினேன். பட்டம் முடிக்காத பெண்ணின் கடிதத்துக்கு யாரும் பதில் போடவில்லை. பட்டம் முடித்த பிறகும் எழுதினேன். அப்போதும் வரவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது. போன மாதம் பேராசிரியரிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. புதிய மருந்து ஒன்று வந்திருக்கிறதாம். அதைச் சோதிக்க எங்கள் தெருவே வேண்டுமாம். தட்டிக்குப் பின்னால் வாயைப் பார்த்துக் குறி போட்ட மூன்று வருஷக் கணக்கு இந்த ஜில்லாவில் எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கிறது. பெண்களின் ரத்தம் வேண்டும், சிறுநீர் வேண்டும். ஆம், சிறுநீர். மருந்து விழுங்கினார்களா என்று பார்ப்பதற்காம்.

கடிதத்தை எதிர்வீட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். லோயர் கேம்ப்பில் திரும்பிப் போகிற பெண்களைப் பற்றியும் சொன்னேன்.

"அங்கன இருக்கறவளுக்கும் புருசன் மலைக்குத்தான போறான்?" என்றாள்.

"அவளுக்குன்னு குடுக்கச் சொல்லி நான் கேக்கறேன் அக்கா. அவ புருசனுக்கு இல்ல."

"யாருக்கோ. மொதல்ல குடுக்கச் சொல்லு." முந்தானையை இடுப்பில் செருகினாள். "அவரு வரட்டும். ஒரு சொட்டு குடுக்க மாட்டோம். எருமையோடதுகூடக் கெடையாது."

இன்று காலை கார் வந்தது. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. முதலில் தாழ்ப்பாள் போட்டது மதினி, இடுப்பில் கைக்குழந்தையோடு. அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. அதற்காக எனக்கு இரக்கம் வரவில்லை.

"மிஸ், பழைய விஷயத்தை இன்னுமா மனதில் வைத்திருக்கிறீர்?"

"வைத்திருக்கிறேன் சார்."

சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டிய திருத்தத்தை, அவரே சொல்வதுபோல, நான் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம்தான். பெண்கள் விழுங்கவில்லை, விழுங்கியதைப் பார்க்காமல் குறி போடும்படி நானே சொன்னேன், பெண் சரீரம் பற்றிய என் முடிவு தவறு. கீழே அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். என் எழுத்து அவருக்குப் பழக்கம்தான்.

அதை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும் என்றேன். நின்றுகொண்டே வாசித்தார். "இதில் போட்டால் நான் என்ன ஆவேன் தெரியுமா?"

"தெரியும் சார். அதனால்தான் எழுதினேன்."

அவர் காகிதத்தோடு காருக்குப் போனார். கிழித்துப் போடவில்லை.

மணி பதினொன்று. கார் தெருமுனையில் நிற்கிறது, காகிதம் அவர் மடியில் இருக்கிறது, பேனா மூடியை அவர் இன்னும் திறக்கவில்லை.